இறால் ஸ்டாப்

பேருந்து வருவது தெரிந்தது. அவள் கை காட்டவில்லை.

“காட்டுக்கா, போயிரப் போறான்,” என்றாள் பின்னால் நின்ற ஜெபமாலை.

“சும்மா இரு.”

ஆறு வருடங்களாகக் காட்டிய கை. கடற்கரைச் சாலையில் எந்தப் பேருந்தும் அதை மதித்ததில்லை. நண்டுக் கூடைகளைச் சுமந்துகொண்டு, மூன்று கிலோமீட்டர் தள்ளியிருந்த நிறுத்தத்துக்குக் குப்பத்துப் பெண்கள் நடந்தார்கள். குப்பத்தருகே ஒரு நிறுத்தம் கேட்டு மனு கொடுத்தார்கள். மறுபடி நடந்தார்கள். போய்ச் சேர்வதற்குள் ஐஸ் உருகி, சந்தையும் பாதி கலைந்திருக்கும்.

மாசியில், மூடிப்போன ஓர் உணவகத்தின் வாசலில் மல்லாந்து கிடந்த ஃபைபர் இறாலை அவள் கேட்டு வாங்கினாள். இருபதடி. டிராக்டரில் கொண்டுவந்து, சாலையோரம் தூக்கி நிறுத்தி, சிவப்பு அடித்தார்கள்.

குப்பமே சிரித்தது.

கார்கள் நின்றன. பைக்குகள் நின்றன. இறாலின் காலைப் பிடித்தபடி புதுமணத் தம்பதிகள் படம் எடுத்துக்கொண்டார்கள்.

ஒன்பதே கால் பேருந்து மட்டும் நிற்கவில்லை. ஆனால், இறாலுக்கு நேரே வந்ததும் அதன் வேகம் குறைவதை அவள் பார்த்துவிட்டாள். சன்னலெல்லாம் தலைகள்.

பத்து நாள் பார்த்தாள். பத்து நாளும் குறைந்தது.

இன்று இறாலின் நிழலில் ஐந்து கூடைகள்.

பேருந்தின் வேகம் தளர்ந்தது. இரண்டே எட்டில் அவள் படியில் கூடையை வைத்தாள்.

விசில் அலறியது. வண்டி நின்றது.

“இது ஸ்டாப் இல்லம்மா!” என்றார் நடத்துநர்.

“அப்ப எதுக்குண்ணே டிரைவரு மெதுவாப் போறாரு?”

உள்ளே யாரோ சிரித்தார்கள். ஓட்டுநர் நேராகச் சாலையைப் பார்த்தார். நடத்துநர் கையிலிருந்த செல்போனைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். அதன் திரையில் இறால் படம் இருந்தது.

“ஏறுங்க. சட்டுனு ஏறுங்க.”

அன்று ஐஸ் உருகவில்லை.

அடுத்து வந்தது ஞாயிற்றுக்கிழமை. யாரும் கடலுக்குப் போகவில்லை. சாலையில் கூடையும் இல்லை, ஆளும் இல்லை. அவள் மட்டும் ஏணியில் நின்று, உப்புக் காற்றில் உரிந்த இறால் மீசைக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தாள்.

பின்னால் பிரேக் சத்தம்.

“இறால்! இறால் எறங்கு!”

யாரும் இறங்கவில்லை.

பேருந்து உறுமிக்கொண்டு நின்றது.

அவள் அவசரப்படவில்லை. மீசையின் நுனிவரை பூசி முடித்தாள். பிறகு, திரும்பாமலே குரல் கொடுத்தாள்.

“போலாம், ரைட்!”