வாய்தா தவறாதவர்

தையல்காரரின் இடத்துக்குள் பக்கத்து வீட்டுக்காரன் இரண்டடி தள்ளிச் சுவர் எழுப்பிய வழக்குக்குப் பதினாறு வயதாகிவிட்டது. கீழ்த்தளத்து முன்சீப் கோர்ட்டில், இடத்தின் மதிப்பு அதிகம், மாடிக்குப் போங்கள் என்றார்கள். முதல் மாடி சப் கோர்ட்டில் தையல்காரர் ஜெயித்ததும், எதிராளி இரண்டாம் மாடி ஜில்லா கோர்ட்டுக்கு அப்பீல் போனான். அங்கே மறுபடி விசாரிக்கச் சொல்லி முதல் மாடிக்கே அனுப்பினார்கள். ஏறி இறங்கியே தையல்காரர் மூச்சு நின்றுபோனது.

அவர் மனைவி இறப்புச் சான்றிதழைக் குமாஸ்தாவின் மேஜையில் ஓங்கி வைத்தாள்.

"ஆள் போய் எட்டு மாசம் ஆச்சு. கேஸை என் பேருக்கு மாத்துங்க."

குமாஸ்தா பதிவேட்டைப் புரட்டினார். "போன வாய்தாவுக்கு வந்து கையெழுத்துப் போட்டிருக்காரேம்மா. அதுக்கு முந்தினதுக்கும்."

அவர் கையெழுத்தேதான். கடைசி எழுத்தை, நூலை வெடுக்கென்று அறுப்பதுபோல் இழுத்திருந்தார்.

அவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. "உயிரோட இருந்தப்பதான் அலைய விட்டீங்க. இப்பவும் விட மாட்டீங்களாய்யா?"

வாசலில் டவாலி தையல்காரரின் பெயரை மூன்று முறை கூவினார்.

"ஆஜர்" என்றது கடைசி பெஞ்சு. அதில் யாரும் இல்லை. குமாஸ்தா குறித்துக்கொண்டார்.

"கேஸ் மறுபடி ரெண்டாவது மாடிக்கு மாறுதும்மா."

அவள் பெஞ்சைப் பார்த்துக் கத்தினாள்.

"எட்டு மாசத்துல ஒரு நாள் வீட்டுப் பக்கம் எட்டிப் பாத்தீங்களா? இங்க மட்டும் தவறாம வர்றீங்க!"

மாடிப்படியில் அவருடைய செருப்புச் சத்தம், நின்று நின்று மூச்சு வாங்கியபடி, மேலே ஏறிக்கொண்டிருந்தது.