தகப்பன் ஓடக் கூடாது

"அப்பா எதுக்கு இப்படித் தலைதெறிக்க ஓடுறாரு?" சபைச் செயலாளர் சுவரை அண்ணாந்து பார்த்துக் கேட்டார்.

ஆலயத்தின் முன்சுவரில் கரிக்கோடுகளாக இருந்தது கெட்ட குமாரன் கதை. சொத்தைப் பிரித்துக்கொண்டு போய் எல்லாவற்றையும் தொலைத்த இளைய மகன் திரும்பி வர, தகப்பன் ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளும் காட்சி.

"வேதத்துல ஓடினாருன்னுதாங்க இருக்கு" என்றார் சாரத்தின் மேலிருந்த ஓவியர்.

"இருக்கட்டுமே. வாசிக்கும்போது தெரியல. சுவத்துல பார்த்தா ஒரு மாதிரியா இருக்கு. வயசான மனுஷன், செருப்பு வேற ஒரு பக்கம் கெடக்கு..."

போதகர் தொண்டையைச் செருமினார். "தம்பி, படைப்பாற்றல் தேவன் தந்த வரம். அதைக் கமிட்டி சொல்ற மாதிரி பயன்படுத்தணும். தகப்பன் நிக்கட்டும்."

ஓவியர் அவரையே ஒரு கணம் பார்த்தார். பிறகு ஈரத்துணியால் கால்களை அழித்தார். தகப்பன் நின்றார்.

"பையன் மேல என்னங்க அத்தனை அழுக்கு?" மாதர் சங்கத் தலைவி முகம் சுளித்தார். "நாலு கல்யாணம் நடக்கிற இடம். ஒரு வெள்ளைச் சட்டை போட்டு விடுங்க."

"பன்னி மேய்ச்சுட்டு வர்றவன்மா."

"வழியில குளிச்சான்னு வச்சுக்குங்க."

மகன் குளித்தான்.

"அந்த மூத்தவன் ஏன் கடுகடுன்னு நிக்கிறான்?" என்றார் செயலாளர். "ஒழுங்கா வீட்டுல இருந்த ஒரே பிள்ளை அவன்தான். நடுவுல, சிரிச்ச முகமாப் போடுங்க."

மூத்தவன் நடுவில் வந்ததும் இளையவன் ஓரத்துக்குப் போனான். அங்கே வெறிச்சென்று இருப்பதாகத் தலைவிக்குப் பட்டது. இரண்டு பூந்தொட்டிகள் வந்தன.

"இது என்ன படம்னே பார்க்கிறவங்களுக்கு இனிமே தெரியாதுங்களே?" என்றார் ஓவியர்.

"கீழ 'மன்னிப்பு'ன்னு கொட்டை எழுத்துல எழுதிடு. தெரிஞ்சிடும்" என்றார் போதகர்.

செயலாளரும் தலைவியும் ஆமென் சொல்லிவிட்டுத் திருப்தியாகக் கிளம்பினார்கள். அவர்கள் தலை மறைந்ததும் ஓவியர் சாரத்திலிருந்து இறங்கி வந்து போதகரின் கையைப் பிடித்தார்.

"உங்களை மாதிரி போதகராகாம படம் வரையப் போனது அவ்வளவு பெரிய குத்தமாப்பா? அம்மாவை ஒரே ஒரு தடவை பார்த்துட்டுப் போயிடுறேனே."

போதகர் கையை உதறிவிட்டு வாசல் பக்கம் மிரண்டு பார்த்தார்.

"மெதுவாப் பேசு. எனக்குப் பிள்ளையே இல்லைன்னு இந்தச் சபையில சொல்லி வச்சிருக்கேன்."