எதிர்க் கடைக் கூட்டம்

"பெஞ்சுல உக்கார எடமே இல்ல மாமா!" என்றபடி மச்சினன் வந்தான்.

எதிரே புதிதாகத் திறந்திருந்த சலூனை வேவு பார்க்க அவனை அனுப்பியிருந்தவர் பழைய சலூன்காரர்.

முதலில் முடி வெட்டிக்கொண்டு வந்தான். மறுநாள் ஷேவிங். அப்புறம் ஃபேஷியல். ஒவ்வொரு தடவையும் ஒரே செய்திதான்: "கூட்டம் அள்ளுது மாமா!"

சலூன்காரருக்கு வயிறு எரிந்தது. ரேட்டைப் பாதியாகக் குறைத்தார். கடன் வாங்கி ஏசி மாட்டினார். வழக்கமாக வருகிறவர்கள் வழக்கம்போல வந்து, பாதி ரேட்டில் ஜில்லென்று வெட்டிக்கொண்டு போனார்கள்.

"இன்னொரு தடவ போயிட்டு வாடா."

"போய் எதை வெட்டச் சொல்றது?" என்று மச்சினன் தன் மொட்டைத் தலையைத் தடவிக் காட்டினான்.

வேறு வழியில்லை. தொப்பியை இழுத்து விட்டுக்கொண்டு அவரே போனார்.

மச்சினன் புளுகவில்லை. பெஞ்சு நிறைய ஆட்கள். யாரும் யாரோடும் பேசவில்லை. எல்லார் கண்ணும் ரேட் போர்டு மேலேயே இருந்தது.

அவர் முறை வந்தது. புதுக் கடைக்காரர் துணியைப் போர்த்திவிட்டு, காதோரம் குனிந்தார்.

"அண்ணே, நீங்க எந்தக் கடை?"

"நானா? நான்... சும்மா முடி வெட்ட வந்தேன்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. அந்த மீசைக்காரர் மார்க்கெட் சலூன். பக்கத்துல இருக்கறவர் பஸ் ஸ்டாண்ட் சலூன்காரரோட தம்பி. தெருக்காரங்க இதுவரைக்கும் ஒருத்தர்கூட வரலண்ணே."

கத்தரிக்கோலை எடுத்தபடி பெருமூச்சு விட்டார்.

"நீங்கள்லாம் வேவு பாக்கறத நிறுத்திட்டா, நான் கடையை மூட வேண்டியதுதான்."