லேசான தலைப்பு

"இன்னா அநியாயம் பாரு! கிளாஸ்லயே மொத மார்க்கு வாங்கறவ, இருக்கறதுலயே லேசான தலைப்ப அமுக்கிட்டா!"

அரசுவுக்கு வயிறு எரிந்தது. எம்.ஏ. தமிழ் கடைசி வருஷம், ஆய்வுக் கட்டுரைக்குத் தலைப்பு எடுக்கும் நாள். அரிகரன் சார் தலைப்புகளைப் போர்டில் எழுதிவிட்டு, "வந்தவங்க மட்டும் எடுங்க. வராதவங்களுக்காக யாரும் கேக்காதீங்க" என்றார்.

சொல்லி வாய் மூடவில்லை. இளவரசி ஓடிப்போய், 'சிறுகதைகளில் வேலைக்குப் போகும் பெண்கள்' என்பதற்கு நேராகத் தன் பெயரை எழுதிவிட்டாள்.

எல்லாப் புத்தகமும் காலேஜ் லைப்ரரியிலேயே கிடைக்கும். வீட்டில் உட்கார்ந்தே முடித்துவிடலாம். அரசுவும் அதன் மேல்தான் கண் வைத்திருந்தான்.

"நீயாம்மா இதை எடுக்கற?" சாருக்கே முகம் சுருங்கிப்போனது.

எல்லோரும் எடுத்து முடித்த பிறகு, கரியமாணிக்கத்துக் கல்பனா கம்பெனி யூனிபாரத்தோடு மூச்சிரைக்க வந்தாள். திருபுவனையில் நைட் ஷிப்ட். வீட்டில் இரண்டு குழந்தைகள்.

"ஒண்ணுதாம்மா மிச்சம். குப்பங்கள்ல வலை இழுக்கற பாட்டு. விடியக்காலையில கரைக்குப் போயி, அவங்க பாடறத பதிவு பண்ணணும்."

கல்பனாவின் முகம் செத்துவிட்டது.

"விடிஞ்சாத்தான் சார் எனக்கு ஷிப்டே முடியும். நான் நின்னுடறேன் சார். அடுத்த வருஷம் வூட்ல அனுப்பமாட்டாங்க, பரவால்ல."

இளவரசி எழுந்தாள். "சார், என்னுது செம போரு. எனக்கு வலைப்பாட்டு குடுங்க. கல்பனாக்கா, மாத்திக்கலாமா?"

கல்பனா தலையாட்டிய வேகத்தில் கண்ணீரே வந்துவிட்டது.

"கருவாட்டு வாசனைக்கே மூக்கப் பொத்திக்கினு ஓடறவ, குப்பத்துக்குப் போறாளாம்!" அரசு பல்லைக் கடித்தான். "வேணாம்னா மொதல்லயே எனக்கு வுட்டிருக்கலாம் இல்ல? திமிரு!"

சாயங்காலம் வில்லியனூர் பஸ். நிற்பதற்கு முன்பே இளவரசி அதோடு ஓடி, ஜன்னல் வழியாகக் கைக்குட்டையை ஒரு சீட்டில் போட்டாள். அரசு ஏறிப் பார்த்தான். காலியாக இருந்தது அந்த ஒரு சீட்டுதான். அவளோ பக்கத்தில் கம்பியைப் பிடித்தபடி நின்றிருந்தாள்.

"உக்காரலன்னா கைக்குட்டைய எடு. நான் உக்காரறேன்."

"ஆளு வருதுப்பா."

கூட்டத்தைப் பிளந்துகொண்டு, தூக்கம் சொக்கும் கண்களோடு கல்பனா ஏறினாள். இளவரசி கைக்குட்டையை எடுத்தாள்.

"உக்காருங்கக்கா. உங்க ஸ்டாப்பு வந்தா எழுப்பறேன்."

அரசுவுக்குச் சுருக்கென்றது. காலையில் போர்டிலும் இவள் இதே கைக்குட்டையைத்தான் போட்டிருக்கிறாள்.

அவளிடம் மெல்லச் சொன்னான்:

"அந்தக் கைக்குட்டைய பத்திரமா வெச்சுக்க இளவரசி. குப்பத்துல மூக்குக்கு வேணும். நானும் கூட வரேன்."