ஆறாவது வருஷம்

"இந்தப் பொண்ணை ஃபெயில் பண்ணி உனக்கு என்ன ஆகப் போவுது, ஓடெஸா?"

கதவைத் தட்டாமலே உள்ளே வந்த கல்லூரித் தலைவர் கோவிங்டன், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவர் பின்னால் ரோஷெல், தடித்த மருந்தியல் புத்தகத்தை மார்போடு அணைத்தபடி, அழுது வீங்கிய கண்களுடன் நின்றாள்.

நர்சிங் பேராசிரியை ஓடெஸா பிராட்நாக்ஸ் தன் மாணவியை வெறுப்போடு பார்த்தாள். நேராகத் தலைவரிடமே போய் அழுதிருக்கிறாள்! ராத்திரி வேலை பார்த்துவிட்டு வகுப்பில் தூங்கி விழுபவளாயிற்றே என்று இவளுக்காகத்தான் இத்தனை நாள் இரக்கப்பட்டோமா?

"மேடம், நான் வந்து..."

"நீ சும்மா இரும்மா, நான் பேசிக்கிறேன்" என்று கையமர்த்தினார் தலைவர்.

"பேச என்ன இருக்கு, சார்? கைக்குழந்தைக்குக் கொடுக்குற இதய மருந்து. பரீட்சைல தசமப் புள்ளியை மாத்தி வெச்சு, அளவைப் பத்து மடங்கா எழுதியிருக்கா. அதுவும் ஒரு தடவை இல்ல."

"ஒரு புள்ளிக்காகவா இவ்வளவு ஆட்டம்? நர்ஸ் லைசென்ஸ் பரீட்சைல விழுந்தா விழட்டும், அது அடுத்த வருஷக் கதை. இவ சேர்ந்து இந்த மே மாசத்தோட ஆறு வருஷம். அதுக்குள்ள பட்டம் வாங்கினாத்தான் அரசாங்கக் கணக்குல தேறினவ. ஏழாவது வருஷம் தங்க மெடலே வாங்கினாலும் தேறாதவதான். கறுப்பர் காலேஜ்ல சேர்ந்தா உருப்படமாட்டான்னு அலபாமா பூரா பேசுறானுங்க. அவனுங்க வாய்க்கு நாமளே அவல் போடணுமா?"

"அதுக்காக, நம்ம பிள்ளைங்களையே கொல்லப் போற நர்ஸை அனுப்பி வைக்கணுமா?"

"சார், நான் உங்ககிட்ட..." என்று ரோஷெல் மறுபடி வாயெடுத்தாள்.

"நீ பேசாத!" ஓடெஸா சீறினாள். "உன் மூஞ்சியைப் பார்க்கவே அருவருப்பா இருக்கு."

கோவிங்டன் குரலைத் தாழ்த்தினார். "நம்ம தேர்ச்சி சதவீதம் இன்னும் இறங்கினா, முதல்ல இழுத்து மூடுறது உன் நர்சிங் துறையைத்தான். இப்ப சேர்ந்திருக்கிற முதல் வருஷப் பொண்ணுங்க எல்லாம் எங்க போவாங்க? யோசிச்சுக்கோ."

வெளியே பட்டமளிப்பு விழாவுக்காக பேண்டு வாத்தியக் குழு ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தது. அந்த முதல் வருஷப் பெண்களின் முகங்கள் ஒவ்வொன்றாக ஓடெஸாவின் கண்முன் வந்து போயின. குடும்பத்திலேயே முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள்.

கம்ப்யூட்டரில் மதிப்பெண் பக்கத்தைத் திறந்தாள். தலைவரின் முகத்தில் படர்ந்த சிரிப்பும், விசைப்பலகை மேல் ஊர்ந்த தன் விரல்களும் ஒன்றுபோல அசிங்கமாகத் தெரிந்தன.

"பாஸ் போட்டுடறேன்" என்றாள், ரோஷெலைப் பார்க்காமலே. "நினைச்சது நடந்துடுச்சில்ல? இப்பவாவது வாயைத் திறந்து சொல்லு."

ரோஷெல் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ஹாஸ்டல் ரூமை இன்னொரு வருஷம் கொடுங்கன்னு கேக்கத்தான் சார்கிட்ட போனேன், மேடம். எதுக்குன்னு கேட்டாரு. ஃபெயிலான பாடத்தைத் திரும்ப ஒழுங்கா படிக்கணும்னு சொன்னேன். அவ்வளவுதான், கையைப் பிடிச்சு இங்க இழுத்துட்டு வந்துட்டாரு."

ஓடெஸாவின் விரல்கள் நின்றன.

"என்னை ஃபெயில்லயே விடுங்க, மேடம்."