மூன்று நாள் கெடு

எதிர்வீட்டு ஞானதுரை அண்ணாச்சி தோற்கிற ஆட்டத்தை லேசில் முடிக்கவிட மாட்டார். செல்போன் செஸ்ஸில் ஒரு நகர்வுக்கு மூன்று நாள் கெடு; தவறினால் தோல்வி. கடைசி நிமிடம் வரை இழுத்தடிப்பார். எதிராளி சொந்தத் தம்பிதான். இருவருக்கும் பேச்சு நின்று ஒன்பது வருஷம்.

"தோத்துட்டேன்னு அமுக்குனா விரலு தேஞ்சா போவும்?" என்று எஸ்தரக்கா புருஷனை ஏசுவது எங்கள் அடுப்படி வரை கேட்கும்.

தம்பியை ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பதாகச் சேதி வந்தது. அண்ணாச்சி போய்ப் பார்க்கவில்லை. தம்பி ஒரே நகர்த்தலில் ஜெயிக்கும்படி தன் ராஜாவைக் கொண்டுபோய் நிறுத்தினார், அவ்வளவுதான். அப்புறம் மூன்று நாளும் தம்பியின் கடிகாரம்தான் ஓடியது.

சர்க்கரை இரவல் கேட்கிற சாக்கில் எட்டிப் பார்த்தேன். 'நீங்கள் வென்றீர்கள்' என்றிருந்தது திரையில்.

அண்ணாச்சி போனை என்னிடம் நீட்டினார். "ஏம்மா, இதத் திருப்பிக் குடுக்க வழி இருக்கா?"