முதல் மாத்திரை

சீப்பில் கொத்தாக வந்த முடியைக் காகிதத்தில் மடித்து எடுத்துப் போயிருந்தேன். மேசைமேல் பிரித்து வைத்ததும் டாக்டர் நாற்காலியைச் சற்றுப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டார்.

“முடக்குவாத மாத்திரை டாக்டர். எட்டு வாரமா, வாரத்துக்கு ஒருநாள், தவறாம போட்டேன். வாயெல்லாம் புண்ணு. தண்ணி குடிச்சாக்கூட எரியுது.”

என் விரல்களை ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்தார். “வீக்கமே இல்லையே. எந்த மூட்டுல வலி?”

“எனக்கு ஒரு வலியும் இல்ல. வாதம் இவளுக்கு.”

பக்கத்தில் என் மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். அப்போதுதான் தன் பழைய நோயாளியை அடையாளம் கண்ட டாக்டர் பேனாவை மூடினார்.

நடந்ததைச் சொன்னேன். மாத்திரையோடு வந்த தாளில் பக்கவிளைவுகளைப் படித்துவிட்டு, செத்தாலும் தொடமாட்டேன் என்றாள் இவள். நானோ லிஃப்ட் மெக்கானிக். பழுது பார்த்த லிஃப்டில் நான் ஒருமுறை போய்வந்த பிறகுதான் பிறரை ஏற விடுவேன். அந்த மேதாவித்தனத்தை வீட்டிலும் காட்டினேன். “ரெண்டு மாசம் நான் போட்டுக் காட்டறேன். ஒண்ணும் ஆகலைன்னா நீ போடு.”

புண் வந்ததும், போதும், விட்டுவிடுங்கள் என்று கெஞ்சினாள். வீம்புக்கு நான் கேட்கவில்லை.

“கூட ஒரு சின்ன மஞ்சள் மாத்திரை எழுதியிருந்தேனே?”

“அது வெறும் சத்து மாத்திரைதானேன்னு...”

“புண்ணு வராம காக்கறதே அதுதான்யா!” டாக்டர் மரியாதையைக் கைவிட்டார். “இனி ஒண்ணுகூடத் தொடக்கூடாது. மொதல்ல ரத்தம் குடுத்துட்டு வா. கல்லீரல் தப்பிச்சிருந்தா உன் அதிர்ஷ்டம்.”

என் கல்லீரல் கிடக்கட்டும். எட்டு வாரம் இவளை வைத்தியமில்லாமல் வலியில் போட்டுவைத்திருந்தேனே, அதை நினைத்து எச்சில் விழுங்கியதில் புரையேறி இருமல் வந்தது.

மனைவி பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்தாள். இறுகிய மூடியை ஒரே திருகில் திறந்து என்னிடம் நீட்டினாள்.

டாக்டர் அவள் கையையே பார்த்தார். “கையைக் காட்டுங்கம்மா. விரல் முட்டியெல்லாம் வீக்கம் வத்தியிருக்கே! எப்படி?”

அவள் என்னைப் பார்த்தாள்.

“சொன்னா தடுப்பீங்கன்னு மறைச்சேன். நீங்க ஆரம்பிச்ச அன்னைக்கே நானும் தனியா, அந்த மஞ்சள் மாத்திரையோட வாங்கி, வாராவாரம் போட்டுட்டு வர்றேங்க. உங்களைத் தனியாவா விடுவேன்?”